நூற்று முப்பத்தெட்டு கிலோ

செத்துப்போன பான்சோக்கை எரித்த மறுநாள் அவன் நண்பன் தல்சு நூற்று முப்பத்தெட்டு கிலோ இருந்தான். முந்தின வாரம் அதே பொதுக் குளியல் கூடத்துத் தராசு அவனுக்கு அறுபத்தாறு காட்டியிருந்தது. கூடிய எழுபத்திரண்டும் செத்தவனின் எடை. ஆள் பழையபடி ஒல்லிதான், நாற்காலிகள்தான் உடைந்தன.

எங்கள் துறைமுகத்தில் கப்பல்களின் தொட்டிக்குள் இறங்கிப் பத்தொன்பது வருடம் ஒன்றாகப் பெயின்ட் அடித்தவர்கள் அவர்கள். நாற்றம் தாங்காமல் மாறி மாறி வெளியே போய் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். தொட்டி தீப்பிடித்தபோது தல்சு வெளியே நின்றான். நண்பனை இழுத்துப் போட்டவனும் அவன்தான்.

துக்கத்துக்குத் தவணை குறிக்கும் மேதைகள் எங்கள் ஊரில் ஏராளம். நிர்வாகம் அனுப்பிய ஆலோசகி, ஆறே சந்திப்பில் குணம் என்று படிவத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொண்டு வந்தாள். மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். பாரத்தை இங்கே இறக்கி வை என்று போதகர் மேடைக்கு அழைத்தார். மேடை பிளந்ததும், இவனுக்கு விசுவாசம் போதாது என்றார். சாமியாடி மூன்று மணி நேரம் குதித்துவிட்டுப் படையலின் பன்றித்தலையோடு கிளம்பினாள். சோஜு சாராயக் கடையில், "ஊர்ல யாருமே சாகலையா? இன்னுமாடா சுமக்கிற?" என்று கேட்டவன், தன் நாய் செத்ததற்கு ஒரு மாதம் அழுதவன்.

நான்காம் வருட நினைவு நாளில் பான்சோக்கின் மனைவி மிரான் கதவைத் திறந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் தல்சு சொன்னான்: "அன்னிக்கு வெளிய போற முறை அவனோடது, அண்ணி. நான்தான் முந்திக்கிட்டேன்."

மிரான் அறைந்தாள். அவன் அசையவில்லை, அவள் மணிக்கட்டுதான் வீங்கியது. வாசலிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"'சீக்கிரம் வாடா, பசிக்குது'ன்னான்."

அவள் எழுந்துபோய் இரண்டு கிண்ணத்தில் சோறு போட்டாள். "ரெண்டையும் தின்னுட்டுப் போ. அந்த மனுசனுக்கு ஒரு கிண்ணம் என்னிக்குப் பத்துச்சு?"

உண்மையைச் சொன்னதும் எடை இறங்கியிருக்கும் என்று ஊரே குளியல் கூடத்தில் ஆசையோடு கூடியது. நூற்று முப்பத்தெட்டரை. அரை கிலோ மிரானின் சோறு. ஏமாந்தவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

பான்சோக் செத்து இப்போது பதினோரு வருடம் ஆகிறது. எதிர்த் தீவுக்குப் போகும் படகில் தல்சுவுக்கு நடுப்பலகையை விட்டுவைக்கிறார்கள். காற்று பலமாக அடிக்கும் நாட்களில், அவன் அந்த எடையோடு வந்து உட்காராமல் யாரும் படகை எடுக்க விடுவதில்லை.