பழகின கை

ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, இடுப்புப் பட்டையை இழுத்துவிட்டு ஆவுடைத்தாய் நிமிர்ந்தபோதுதான் சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு அவளை அடையாளம் தெரிந்தது. போர்ட் பிளேர் படகுத்துறையில் மணி எட்டரைதான் ஆகியிருந்தது. அதற்குள் வெயில் முதுகைச் சுட்டது. எதிரே ராஸ் தீவு பச்சையாகக் கிடந்தது. அரை நாள் சுற்றிப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. தென்காசியிலிருந்து ஒன்றாகக் கிளம்பி வந்த இருபத்திரண்டு பேரும் படகுக்கு வரிசை கட்டி நின்றிருந்தார்கள்.

"அடிச் சக்கை! ரெண்டு நாளா மண்டையப் போட்டு உடைச்சிக்கிட்டு இருக்கேன். இந்த மூஞ்சிய எங்க பாத்தோம், எங்க பாத்தோம்னு. நீ குத்தாலம் பெரிய அருவியில கூட்டுதவதான? மேஸ்திரி காலையில 'ஏ ஆவுடை, ஏ ஆவுடை'ன்னு கத்துவாம்லா. நீதான அது?"

தொலைத்த சாவி கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர் குரலில் இருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் வரிசையின் முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் இருந்தது. பக்கத்தில் நின்ற மகள் ஜெயபிரியா சட்டென்று குனிந்து, ஏற்கெனவே சரியாகப் போட்டிருந்த செருப்பு வாரை மறுபடி போட ஆரம்பித்தாள்.

"ஆமா அண்ணாச்சி" என்றாள் ஆவுடைத்தாய்.

அவளுக்கு அவரை முதல் நாளே தெரியும். தென்காசி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதே தெரியும். இரும்புக்கடை சங்கரபாண்டி. சீசன் மாதங்களில் விடியற்காலை ஈரிழைத் துண்டோடு வருவார். எண்ணெய் வழியும் உடம்போடு அவளுடைய விளக்குமாற்றைத் தாண்டிப் போவார். குளித்துத் திரும்பும்போது ஷாம்பு உறையைப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போவார். பத்து வருஷமாக அந்த உறைகளை அவள்தான் விரலால் நோண்டி எடுக்கிறாள். அவர் உறைகளை மட்டுமா? மேட்டூரிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வருகிறவர்கள் கழற்றிப் போட்ட ஈர உள்ளாடைகள், பிள்ளைகளின் நாப்கின்கள், பிரியாணி எலும்புகள் எல்லாம் அவள் கை தொட்டுத்தான் கூடைக்குப் போயின. அவரை அவளுக்குத் தெரிந்ததும் அவருக்கு அவளைத் தெரியாமல் போனதும் அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. வேலைக்குப் போடுகிற ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றிவிட்டால் அந்த வேலையில் இருக்கிற யாரையும் யாருக்கும் தெரியாது.

அருவி வற்றிக் கிடக்கும் மாசி மாதம் என்பதால்தான் லீவே கிடைத்தது. சொந்த ஊர் இலஞ்சியை விட்டால், திருச்செந்தூரைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் மகள், "கலியாணத்துக்கு முன்னாடி உன்ன ஒரு தடவ பிளேன்ல கூட்டிட்டுப் போவணும்மா" என்று ஒற்றைக்காலில் நின்று கூட்டிவந்தாள். மூன்று நாளும் நன்றாகத்தான் போனது. சங்கரபாண்டியின் மனைவி சண்முகவடிவு ஆச்சி ரயிலிலேயே அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "ப்ரியா அம்மா, நீங்க என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டதற்கு, அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெயபிரியா, "அம்மா பஞ்சாயத்து ஆபீஸ்ல இருக்காங்க ஆச்சி" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு ஆச்சி அவளுடைய எலுமிச்சைச் சாதத்தை டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள். அவளுடைய பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள். நேற்றுக் கடற்கரையில், "ப்ரியா அம்மா, வாங்க, கைய பிடிச்சிக்கிடுங்க, அலை இழுக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

படகில் ஆச்சி இன்று முன்வரிசையில் பேத்தியோடு உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த இடத்தில் கூடையை வைத்தாள். ஆவுடைத்தாய் பார்த்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனாள்.

கைடு ஸ்டான்லிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். போர்ட் பிளேரிலேயே பிறந்தவன். தாத்தா காலத்தில் நாங்குநேரிப் பக்கமிருந்து வந்த குடும்பமாம். தமிழை இந்திக்காரன் போல நீட்டி நீட்டிப் பேசினான். தீவில் இறங்கியதும் ஒரு சின்னக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தான். "வெள்ளைக்காரன் இங்கதான் ராஜா மாதிரி இருந்தான் சார். இது பேக்கரி. அது சர்ச். அங்க டென்னிஸ் கோர்ட். இது டான்ஸ் ஆடுற ஹால், தரையெல்லாம் மரப்பலகை, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்குமாம்." இப்போது தரையும் இல்லை, கூரையும் இல்லை. செங்கல் சுவரை ஆலமரத்து வேர்கள் கைவிரல்களைப் போல இறுக்கிப் பிடித்திருந்தன. மான்கள் பயமில்லாமல் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தன.

"தம்பி, இம்புட்டுப் பெரிய மண்டபத்த யாரு கூட்டுனது?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஸ்டான்லி ஒரு நொடி விழித்தான். "அது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலியேக்கா" என்று சிரித்தான். சங்கரபாண்டி, "அவ கேள்வி அவ தொழில்லயே நிக்குது பாத்தியா" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். காலையிலிருந்து அவர் அவளை ஒருமையில்தான் பேசிக்கொண்டிருந்தார். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் கவனித்தாள்.

தீவின் பின்பக்கம் கலங்கரை விளக்கத்துக்குப் படி இறங்கிப் போக வேண்டும். எல்லோரும் கிளம்பினார்கள். சண்முகவடிவு ஆச்சி கூடையை அவளிடம் நீட்டினாள். "ஆவுடை, இதக் கொஞ்சம் வச்சிக்கோ. போட்டோ எடுத்துட்டு ஓடி வந்துருதோம்." கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. அதைப் பார்த்த இன்னொரு அம்மாள் தன் தோள்பையைக் கொடுத்தாள். அவளைப் பார்த்து சுரண்டைக்காரர் ஒருவர் தொப்பியையும் தண்ணீர்ப் பாட்டிலையும் வைத்துவிட்டுப் போனார். ஒரு தென்னை மூட்டில் அந்தக் கூடை, பைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்தாள். படிகளின் கீழே கடல் அடிக்கிற சத்தமும், ஸ்டான்லியின் குரலும், ஆட்கள் ஓவென்று கத்துவதும் கேட்டன. என்னத்தைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம். பைகளை யார் பார்ப்பது? அந்தக் கேள்வி தன் மண்டைக்குள் வந்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பைகளைக் காக்காய் தூக்கிப் போனால் எனக்கென்ன? ஏன் வாங்கினேன்? வாங்காதே என்று கைக்குச் சொல்ல ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையே.

முதலில் திரும்பி வந்தது ஜெயபிரியாதான். முகம் சிவந்திருந்தது.

"நீ ஏம்மா இதெல்லாம் வாங்கி வச்சிக்கிட்ட? உன்ன என்ன கூலிக்கா கூட்டியாந்தாங்க? வேண்டாம்னு சொல்லத் தெரியாதா உனக்கு?"

"நீ ஏட்டி பொய் சொன்ன?"

"என்ன பொய்? பஞ்சாயத்து வேலைதான, நான் ஒண்ணும் கலெக்டர்னு சொல்லலியே."

"ஆபீஸ்னு சொன்னல்லா."

ஜெயபிரியா சுற்றும்முற்றும் பார்த்தாள். ஒரு மான் மட்டும்தான் நின்றது. "காலேஜ் சேந்த நாள்ல இருந்து அப்படித்தாம்மா சொல்லுதேன்" என்றாள் மெதுவாக. "ஹாஸ்டல்லயும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். மாப்பிள்ள வீட்டுலயும்..." சொல்ல வந்ததை நிறுத்தினாள்.

ஆவுடைத்தாய் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணின் நர்சிங் படிப்பின் ஒவ்வொரு பருவக் கட்டணமும் எந்தெந்தச் சீசனில் எத்தனை நாள் இரட்டை முறை வேலை பார்த்துக் கட்டியது என்பது அவள் முதுகுக்குத் தெரியும். அதை அவள் என்றைக்கும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லவில்லை. சொல்ல வந்தது வேறு.

"நீ முத நாளே உள்ளதச் சொல்லியிருந்தேன்னா அந்த ஆச்சி முத நாளே கூடைய நடுவுல வச்சிருப்பா. நானும் தெரிஞ்சு தள்ளி உக்காந்திருப்பேன். எனக்கு அது புதுசில்ல. ரெண்டு மூணு நாளு என் பாட்டில்ல தண்ணி குடிச்சா, கையப் பிடிச்சா. நானும் கோட்டிக்காரி, அதுக்குச் சந்தோசப்பட்டுட்டேன் ஜெயா. ராத்திரி படுக்கையில நெனச்சி நெனச்சி சந்தோசப்பட்டேன். அதத்தான் என்னால தாங்க முடியல."

ஜெயபிரியாவின் உதடு கோணியது. பதில் சொல்வதற்குள் கூட்டம் படியேறி வந்துவிட்டது. அவரவர் பையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். சுரண்டைக்காரர் மட்டும் "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

திரும்பும்போது கடல் மாறியிருந்தது. காற்று எதிரே அடித்தது. படகு ஏறி ஏறி இறங்கியது. முன்வரிசையில் நனைகிறது என்று எல்லோரும் நடுவிலும் பின்னாலும் நெருக்கி உட்கார்ந்தார்கள். கூடைக்கு இடமில்லாமல் ஆச்சி அதை மடியில் வைத்துக்கொண்டு ஆவுடைத்தாய்க்கு எதிர் பெஞ்சுக்கு வந்தாள். பாதி வழியில் ஐந்து வயதுப் பேத்தி முகம் வெளுத்து, "ஆச்சி..." என்றது. அடுத்த நொடி காலையில் தின்றது முழுக்கப் படகின் தரையில் கொட்டியது. குழந்தை பயந்து வீரிட்டது. ஆச்சி கூடையைப் பிடிப்பதா, பிள்ளையைப் பிடிப்பதா என்று தடுமாறினாள். படகு மறுபடி எம்பியது. பிள்ளை பெஞ்சிலிருந்து சரிந்தது.

ஆவுடைத்தாய்தான் பாய்ந்து பிடித்தாள். மடியில் போட்டு, நெற்றியை உள்ளங்கையால் தாங்கி, மிச்சத்தையும் வாந்தி எடுக்கவிட்டாள். முதுகைத் தடவினாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்து, பாட்டில் தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னாள். "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல. அந்தா பாரு, கரை வந்துட்டு" என்று காதில் சொன்னாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அடங்கியது. அந்தச் சூடான சின்ன மூச்சு கழுத்தில் பட்டதும் காலையிலிருந்து அவளுக்குள் கொதித்துக் கொண்டிருந்தது கொஞ்சம் தணியக்கூடச் செய்தது.

"நல்லவேளை நீ இருந்த ஆவுடை" என்றாள் ஆச்சி, மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு. "அப்படியே கீழயும் கொஞ்சம் தொடச்சி விட்டுரு. நாத்தம் கொடலப் புடுங்குது."

ஆவுடைத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சியின் முகத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை. விளக்கைப் போடு என்று சொல்கிற மாதிரிதான் சொல்லியிருந்தாள். மடியில் இருந்த பிள்ளையைத் தூக்கி ஆச்சியின் மடியில், கூடைக்கு மேலேயே உட்கார வைத்தாள்.

"பிள்ளை விழுந்துச்சு, பிடிச்சேன். தரைய நான் தொட மாட்டேன்."

"என்ன இப்படிச் சொல்லுத? ஒனக்குப் பழகின கைதான?"

"பழகின கைதான் ஆச்சி. பிறக்கும்போதே பழகிட்டா வந்தேன்? நீங்களும் தொடச்சா பழகிரும்." அவள் குரல் எஞ்சின் சத்தத்துக்கு மேலே ஏறியது. "உங்க வீட்டுக்காரரு எடுத்துப் போட்ட அழுக்கெல்லாம் பத்து வருசமா நான்தான் அள்ளுதேன். அதுக்குக் குத்தாலம் இருக்கு. சீசன் இருக்கு. கோட்டு இருக்கு. இங்கன நான் ஊர் பாக்க வந்தவ. பாக்க விட்டியளா? உங்க பையத்தான் பாத்தேன்."

சங்கரபாண்டி, "சரி சரி, விடு, அவ கோவிச்சிக்கிடுதா" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, "ஏ தம்பி, ஒரு துணி இருந்தா போடேம்ப்பா" என்று படகுக்காரனைக் கூப்பிட்டார். அவன் சுக்கானை விடாமல், திரும்பாமல், கரைக்குப் போய்த்தான் என்று கையைக் காட்டினான். ஸ்டான்லி கொடியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தான்.

ஜெயபிரியா கைப்பையைத் திறந்து காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருட்டி."

"நான் தினமும் வார்டுல செய்யுததுதானம்மா. எனக்கென்ன?"

"அங்கன செய்யி. நோயாளிக்குச் செய்யி. இங்கன உக்காரு."

ஜெயபிரியா ஆடும் படகில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஆச்சியைப் பார்த்தாள். பொட்டலத்தை ஆச்சியிடம் நீட்டினாள். "இந்தாங்க ஆச்சி." "எங்கம்மா அருவியில தூய்மைப் பணியாளர். நான்தான் ஆபீஸ்னு பொய் சொன்னேன்."

ஆச்சி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை. பிள்ளையின் தலைக்கு மேலாகக் கடலைப் பார்த்தாள். ஜெயபிரியா வந்து அம்மாவின் பக்கத்தில், ஒரு விரற்கடை இடம் விட்டு உட்கார்ந்தாள்.

கரை கண்ணுக்குத் தெரிந்தும் வந்து சேர்கிற பாடாக இல்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்தபோது தரையில் கிடந்தது அந்தப் பக்கம் ஓடியது. மறுபக்கம் சாய்ந்தபோது இந்தப் பக்கம் ஓடி வந்தது. கடல்நீரும் சேர்ந்து மெல்லிசாகப் பரவியது. ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கால்களைப் பெஞ்சின் மேல் தூக்கிக்கொண்டார்கள். சங்கரபாண்டி வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்திருந்தார். ஆவுடைத்தாய் காலைத் தூக்கவில்லை. இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றி, மூச்சு இரைக்க, பின்னால் சிறுத்துக்கொண்டு போகும் தீவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த வாந்தித் தண்ணீர் வந்து அவள் கால்விரல்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அடுத்த சாய்வுக்குத் திரும்பி வரும்போது அவள் குனிந்து பார்த்தாள். பக்கத்தில் மகளின் பாதங்கள் பெஞ்சுக்கும் போகாமல், தரையிலும் படாமல், நடுவே தொங்கிக்கொண்டிருந்தன.