சமையல் மேடையில் ஒரு வட்டம்

தபால்காரருக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் தெருவுக்கு அவர் இன்னும் தபால்காரர்தான். வாசலுக்குப் போவார், கடிகாரத்தைப் பார்ப்பார், திரும்பச் சமையலறைக்கு வந்து குனிந்து பார்ப்பார். பழுப்பு மார்பிள் மேடையில் அந்த மங்கல் வட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பதினோரு மணி பஸ்ஸில் மனைவி வருகிறாள். போன மாதம்தான் வெளியூரில் மாணவிகள் விடுதி ஒன்றில் காப்பாளராகச் சேர்ந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் முதல் வேலை. கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஒரு மாசம் கழிச்சு வந்து பாப்பேன். வீடு வீடா இருந்தா திரும்பிப் போவேன். இல்லேன்னா அந்த வேலைக்கு ஒரு பெரிய கும்பிடு."

வேலை கிடைத்த அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை முப்பது வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. அது தன்னால் கெட்டுவிடக் கூடாது. பாவி மனுஷனுக்கு அந்த ஒரே கவலைதான்.

அந்த மேடை என்றால் அவளுக்கு உயிர். ஈரப் பாத்திரத்தை வைத்தால் வீடே இரண்டாகும். இவரோ மாதம் முழுக்கத் தண்ணீர்க் குடத்தை அதன்மேல்தான் வைத்திருந்தார். நேற்றுக் குடத்தை நகர்த்தினால் வெள்ளை வெளேரென்று உப்புக் கறை. பித்தளைச் சொம்பை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துப் பளபளக்க வைத்த கை ஆயிற்றே, சும்மா இருக்குமா? அரைப் பழத்தை வைத்து அழுத்தித் தேய்த்தார். ஊறட்டும் என்று விட்டுவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் உப்பு போயிருந்தது, கூடவே கல்லின் பளபளப்பும் போயிருந்தது.

மாடிவீட்டுக் கல் பாலிஷ்காரரைக் காலை ஒன்பது மணிக்குக் கையோடு இழுத்துவந்தார்.

"எலுமிச்சம்பழமா? அடக் கடவுளே!" பாலிஷ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "மார்பிளுக்குப் புளிப்பே ஆகாது சார், அரிச்சுடும். சோப்புத் தண்ணியில மெத்துனு ஒரு துணிய நனைச்சுப் பொறுமையா துடைச்சிருந்தா முக்காவாசி உப்பு போயிருக்கும்."

"இப்ப என்னய்யா பண்றது?"

"பவுடர் போட்டுத் தேச்சு மெருகேத்தணும். கறை இறங்காம இருக்க மேல சீலர் பூசணும். அரை நாள் வேலை, நாளைக்கு வர்றேன். அப்புறமும் தண்ணி சிந்துனா உடனே துடைச்சுடுங்க."

"பதினோரு மணிக்கு அவ வந்து நிப்பாளே!"

"அப்ப மேல ஒரு தட்டக் கவுத்துட்டு சாமியக் கும்பிடுங்க." சிரித்துக்கொண்டே அவர் படியேறிவிட்டார்.

தட்டைக் கவிழ்த்தார். வந்ததும் அவள் கை முதலில் அந்தத் தட்டுக்குத்தான் போகும் என்று தோன்றியது, எடுத்துவிட்டார். செய்தித்தாளை விரித்தார், அதையும் சுருட்டினார். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

பையைக் கூடத்தில் போட்டவள் நேரே சமையலறைக்குத்தான் வந்தாள். அவள் தண்ணீர் மொண்டு குடித்தாள். இடது கையை ஊன்றியிருந்தது சரியாக அந்த வட்டத்தின் மேல்.

"ஒரு பொண்ணுக்கு மூணு நாளா காய்ச்சல். என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குறா. இன்னொண்ணு இருக்கு, வாலில்லாதது ஒண்ணுதான் குறை, தினமும் சுவரேறிக் குதிக்குது..." சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விரல்கள் அந்த மங்கலின் மேல் தாளம் போட்டன. கண் ஒருமுறைகூடக் கீழே போகவில்லை.

அப்பாடா என்று அவர் மூச்சு விட்டிருக்க வேண்டும். விட முடியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அடுத்த அறையிலிருந்து ஓடிவருகிறவள் இவள்.

"கொஞ்சம் கைய எடு" என்றார்.

"எதுக்கு?"

"எடேன். இங்க பாரு. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுப் பாழாக்கிட்டேன். திட்டு."

அவள் பார்த்தாள். ஒரு விரலால் தடவினாள். "போகட்டும் விடுங்க, கல்லுதானே." பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணி பஸ்ஸப் பிடிச்சா பொண்ணுங்க தூங்கறதுக்குள்ள போயிடலாம்."

"ரெண்டு நாள் லீவுன்னியே?"

"லீவுதான். அந்தக் காய்ச்சக்காரி தேடுவா, பாவம்."

"போயிட்டு வா" என்றார் தபால்காரர். மனதாரத்தான் சொன்னார். ஆனாலும் குரல் உடைந்துவிட்டது.