மெயினை இறக்கிய கை

"கம்ப்யூட்டருக்கு மறந்துபோனா யாரும்மா அதுக்கு ஞாபகப்படுத்துவா?" என்று செல்வலட்சுமியின் மகள் ஒருநாள் கேட்டாள். "நான்தான். அதுக்குத்தானே கடை போட்டிருக்கேன்" என்று செல்வலட்சுமி அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சாத்தூரில் அவள் சர்வீஸ் கடை மேஜையில், அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. மேனேஜர் சங்கரபாண்டியன் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார்.

"டி டிரைவையே காணோம்மா. சீசனுக்கு உண்டான பெட்டி லேபிள் அம்புட்டும் அதுலதான் கெடக்கு. ஃபார்மட் பண்ணவான்னு வேற கேக்குது."

"பண்ணிட்டீகளா அண்ணாச்சி?"

"நான் என்ன அம்புட்டுக் கூமுட்டையா?"

"நல்லவேளை. எப்படிப் போச்சு?"

"நேத்து இடி இடிச்சதும், லேபிள் ஒட்டுற மாரிச்செல்வி ஓடிப்போய் மெயின் சுவிச்சை இறக்கிட்டா. டிசைன் சேவ் ஆகிக்கிட்டிருந்துச்சு. ஒரு நிமிசம் பொறுக்கக்கூடாதான்னேன். 'இடி பொறுக்குமா சார்'ங்கிறா! வாயைப் பாத்தியாம்மா? டிசைன் வந்தா வேலைக்கு வரட்டும். இல்லேன்னா வீட்டுலயே இருக்கட்டும்."

செல்வலட்சுமியின் கை நின்றது. வெடிமருந்து இருக்கும் இடத்தில் இடி கேட்டால் மெயினை இறக்குவதுதான் முறை. அதற்கு வேலை போகுமென்றால் அடுத்த இடிக்கு எவள் ஓடுவாள்? அதோடு மாரிச்செல்வியை அவளுக்குத் தெரியும். செல்வலட்சுமி கம்ப்யூட்டர் பரீட்சை எழுதிய அன்று, இவள் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு வெயிலில் வெளியே காத்து நின்றவள் அவள். அன்றைய கூலி போனதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது. முதலில் அதை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்தாள். பாதியில் பழையது கடகடவென்றது. "முருகா" என்றாள். நின்று நின்று ஒருவழியாக முடிந்தது.

தொலைந்த டி டிரைவை நகலில் தேடவிட்டாள். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாகத் தேடவிட்டாள். திரையில் கோடு நகர மாட்டேன் என்றது. எழுந்தாள், உட்கார்ந்தாள், வாங்கிய டீ ஆடை படிந்து ஆறியது. டி டிரைவ் தொடங்கிய இடம் கடைசியில் அகப்பட்டது. சாட்டை, தரைச்சக்கரம், ராக்கெட் என்று லேபிள்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"சேவ் ஆகிக்கிட்டிருந்தது மட்டும் போச்சு அண்ணாச்சி."

"போனாப் போகுது!" என்றவர் உடனே போனை எடுத்தார். "ஏம்மா மாரி, நாளைக்கு வேலைக்கு வா. வாயை மட்டும் வீட்டுல வச்சிட்டு வா."

மறுநாள் செல்வலட்சுமியே கம்ப்யூட்டரைக் கொண்டுபோனாள். சாப்பாட்டு நேரம். தள்ளியிருந்த ஆபீஸ் அறையில் யாருமில்லை. மரத்தடியில் பெண்கள் பேசிச் சிரிப்பது கேட்டது. தன் கடையிலிருந்து எடுத்துவந்த யூபிஎஸ்ஸை மேஜைக்கடியில் தள்ளி வைத்துக் கம்ப்யூட்டரை அதில் மாட்டினாள். இனி மெயினை எப்போது இறக்கினாலும் வேலையைச் சேவ் செய்து அணைக்க நேரம் இருக்கும்.

ஒயர் யார் காலையும் இடறாதபடி சுவரோரம் ஒதுக்கினாள். கதவைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.