போலே எப்போது சொல்வது

1

இந்தக் கதையில் மூக்குக் குத்திக்கொள்ள வேண்டியவள் நான். மொம்பாசா பழைய நகரத்தில், காது மூக்குக் குத்திவிடும் ஜுஹூராவின் கடை பெஞ்சில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். ஊசியைக் கண்டதும் போன் வந்ததுபோல நடித்து நழுவிவிட்டேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்ததை வைத்து மீதியை எழுதுகிறேன். என் இடத்தில் உட்கார ஒரு துணிச்சல்காரி தேவைப்பட்டாள்.

முதல் தொடக்கம்: ரிசிகி நர்ஸ். தினமும் நாற்பது பேருக்காவது ஊசி போடுகிறவள். அதனால் அவளுக்கு ஊசி என்றால் பயமே—

பொய். அடித்துவிட்டேன். வாசலில் நின்ற எனக்கே அவள் பயந்தது தெரிந்தது.

இரண்டாவது தொடக்கம்: பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில், நாற்பத்தொரு வயது ரிசிகி கிபினி போட்டுக்கொள்ள மூன்றாவது முறையாக வந்தாள். (கிபினி என்றால் இந்தக் கரையோரப் பெண்களின் மூக்குத்தி. அவள் வீட்டில் போடாதவள் அவள் ஒருத்திதான்.) முதல் இரண்டு முறையும் என்னைப்போலத்தான் ஓடியிருந்தாள். இன்று வெறும் வயிற்றோடு வந்ததற்கு ஜுஹூரா திட்டினாள். எண்ணெயில் பொரித்த மஹம்ரி இரண்டு தின்று, சர்க்கரை தூக்கலாக டீ குடித்த பிறகுதான் நாற்காலியைக் காட்டினாள்.

இது பரவாயில்லை. இதோடு போகலாம்.

2

பெஞ்சில் சௌமு இருந்தாள். ஆறு வயது. பெருநாளுக்குக் கம்மல் வேண்டும் என்று அவளேதான் அடம்பிடித்து அம்மாவோடு வந்திருந்தாள். வந்த பிறகு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். போன வாரம் அவளை நாய் கடித்தது. ரிசிகிதான் ஊசி போட்டாள், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி. இரண்டாவது ஊசிக்கு மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நாளைக்கு மூன்றாவது. நாய்க்கடி ஊசியைப் பாதியில் விட்டால் உயிருக்கே ஆபத்து.

(சிறுமி வேண்டுமா என்று யோசித்தேன். குழந்தையைக் காட்டி வாசகரை உருகவைப்பது மலிவான வேலை. ஆனால் அவள் அங்கே இருந்தாள், நர்ஸை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்ய?)

3

ஜுஹூரா மூச்சை இழுக்கச் சொன்னாள். ரிசிகி இழுத்தாள். விடச் சொன்னாள். விடவில்லை. மூச்சு உள்ளேயே நின்றது, தோள் காதுவரை ஏறியது. இறுகின தசையில் குத்தினால் வலி இரட்டிப்பு என்று ஜுஹூரா இரண்டு முறை கையை எடுத்துவிட்டாள். மூன்றாம் முறை மிக மெதுவாகச் சொன்னாள்:

"போலே."

ரிசிகியின் தோள் இறங்கியது. மூச்சு வெளியே வந்தது. அப்போதுதான் ஊசி உள்ளே போனது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: தமிழில் இது எறும்பு கடித்தது போலே என்கிற போலே. இந்தக் கரையோரப் பேச்சிலோ அது கல் தடுக்கியவருக்கும், ஊசி போட்டுக்கொண்டவருக்கும், சாவு வீட்டாருக்கும் சொல்கிற ஆறுதல். வலி வந்த பிறகு சொல்வது. கேட்டதும் உடம்பு, வலி முடிந்தது என்று தளர்ந்துவிடும்.)

"குத்துறதுக்கு முன்னாடியே போலே சொல்லிட்டியேடி, திருடி" என்றாள் ரிசிகி. ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்தது.

"பின்ன உன் மூச்ச எப்படி வெளிய கொண்டாறது? தெரிஞ்சே கேட்டாலும் உடம்பு நம்பிரும்" என்றாள் ஜுஹூரா.

4

"வலிச்சுதா?" இது சௌமு.

ரிசிகி, இல்லடா கண்ணு, என்று—

எழுதினேன், அடித்தேன். அந்தக் குழந்தையிடம் இன்னொரு பொய் செல்லாது.

"வலிச்சுது. பத்து எண்றதுக்குள்ள போயிருச்சு" என்றாள் ரிசிகி.

சௌமு மனதுக்குள் பத்து எண்ணிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு தானாகவே நாற்காலியில் ஏறினாள்.

"நர்ஸக்கா, எனக்கு நீதான் போலே சொல்லணும். முடிஞ்சப்புறம் சொல்லு. முன்னாடியே சொன்னா, நாளைக்கு நான் வரமாட்டேன்."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கழுத்து விறைத்தது. மூச்சு நின்றது. ஜுஹூரா ஊசியைக் காதுமடலில் வைத்தாள், எடுத்தாள். இந்த விறைப்பில் குழந்தை திமிறினால் காது கிழியும். ஜுஹூரா ரிசிகியைப் பார்த்துச் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்: சொல்லு.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். முன்னால் சொன்னால் இந்தக் காது தப்புகிறது. பின்னால் சொன்னால் நாளைய ஊசிக்கு அவள் வருவாள், அதுவும் ஒருவேளைதான். ஒன்றில் குழந்தை ஏமாறுகிறாள், மற்றதில் அலறுகிறாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்குத் தைரியம் போதவில்லை.

ரிசிகி வாயைத் திறந்துவிட்டாள். ஊசி இன்னும் இறங்கவில்லை. சௌமு அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறாள்.

சொல்ல வேண்டியது நீங்கள்.