புள்ளி எங்கே?

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டினேன். பன்னிரண்டு மாடி. அதில் நான் கண்டது ஒன்றுதான்: மனுஷன் விரல் மனுஷன் பேச்சைக் கேட்காது. பெரிய படிப்புப் படித்தவர்கள் 'ஆறு' என்று சொல்லிக்கொண்டே ஒன்பதை அழுத்துவார்கள். கதவு திறந்ததும் என்னை முறைப்பார்கள். அதனால் யாரையும் பட்டனைத் தொட விடமாட்டேன். சொன்ன மாடியைத் திருப்பிச் சொல்வேன், 'ஆமாம்' வந்தால்தான் அழுத்துவேன்.

போன மாதம் வீட்டுக்காரியின் இதயம் மக்கர் பண்ணியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழாய் வழியாக ஒரு மருந்து, மணிக்கு ஐந்தரை மில்லி. அதிகமாகப் போனால் ஆளுக்கே ஆபத்து என்றார் டாக்டர். மருந்தைத் தள்ளுவது ஒரு பெட்டி. அதில் எண்ணைத் தட்டுவது நர்ஸ். நான் பெட்டியையும் நம்பவில்லை, நர்ஸையும் நம்பவில்லை.

மத்தியானம் மருந்து தீர்ந்ததும் நர்ஸ் புதிதாக மாட்டினாள். எண்ணை மறுபடி தட்டினாள்.

"ஏம்மா, தட்டினதைப் படிச்சுக் காட்டு."

"ஐயா, இன்னைக்கு இது நாலாவது தடவை."

"முன்னே மூணு தடவையும் பேப்பரைப் பாத்துதான் படிச்சே. இப்பவும் நீ பேப்பரைப் பாரு. பெட்டியை நான் படிக்கிறேன்."

"உங்களுக்குப் படிக்க வருமா?"

"எழுத்துதான் தகராறு. நம்பர் அத்துப்படி."

"அவர் சொல்றதைச் செஞ்சிடும்மா," என்றாள் வீட்டுக்காரி, படுத்தபடியே. "இல்லன்னா என் உசிரை இவரே எடுத்துடுவார்."

நர்ஸ் பேப்பரைப் பார்த்தாள். "அஞ்சு, புள்ளி, அஞ்சு."

"அஞ்சு, அஞ்சு," என்றேன் நான்.

"நடுவுல புள்ளி, ஐயா."

"புள்ளி எங்கே?"

"இருக்கும். சத்தம் கேட்டுச்சே." அவள் விரல் ஸ்டார்ட் பட்டனுக்குப் போனது. நான் உள்ளங்கையால் அதை மூடினேன்.

குனிந்து பார்த்தாள். புள்ளிப் பட்டன் தேய்ந்து வழவழவென்று இருந்தது, அழுத்தியது பதியவில்லை. அவள் கேட்ட சத்தம் பக்கத்துக் கட்டில் பெட்டியுடையது.

"ஐம்பத்தஞ்சு," என்றாள் மெதுவாக. "பத்து மடங்கு."

திட்ட நாலு வார்த்தை எடுத்து வைத்திருந்தேன். "கை நடுங்குறப்ப எதையும் அழுத்தாதே. முதல்ல தண்ணி குடி," என்று மட்டும் சொன்னேன்.

வேறு பெட்டி வந்தது. அவள் பேப்பரைப் படிக்க, நான் பெட்டியைப் படிக்க, இந்தத் தடவை புள்ளி இருந்தது. ஸ்டார்ட். வீட்டுக்காரி அரை மணியில் குறட்டை விட்டாள். முப்பது வருடமாக நான் வெறுத்த குறட்டை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

சாயங்காலம் வார்டில் எல்லா நர்ஸும் ஜோடி ஜோடியாக நின்று படித்தார்கள். "லிஃப்ட் தாத்தா, இங்கேயும் வந்து பாருங்க," என்று எதிர்க் கட்டிலில் இருந்துகூட அழைப்பு.

வீட்டுக்காரி கண் விழித்து டீ கேட்டாள். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். லிஃப்டில் நான் மட்டும். கேண்டீன் ஒன்றாவது மாடி. 'ஒண்ணு' என்று எனக்கே சொல்லிக்கொண்டு அழுத்தினேன். கதவு திறந்தால் நாலாவது மாடி, துணி துவைக்கிற இடம்.

"என்ன இவ்வளவு நேரம்?" என்றாள் திரும்பி வந்ததும்.

"கூட்டம்," என்றேன்.