ஒன்றும் நடக்காத மேட்ச்

“சாவியக் குடு க்ளெண்டா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். இடைவேளைக்கு அந்தக் கேட்டத் திறக்கச் சொல்றது யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.”

“நானா சொல்றேன்? இது இந்த கிளப்போட வழக்கம். எங்கப்பா காலத்துலேருந்து திறந்துதான் விடறோம்.”

“உங்கப்பா காலத்துல புகைக் குப்பி இருந்துச்சா ஜெஃப்?”

கார்ட்விக் டவுன் மைதானத்தின் டீக்கடை ஜன்னலுக்கு முன்னால், மேட்ச் தொடங்குவதற்குச் சற்று முன்பு இந்தச் சண்டை நடந்தது. வரிசை நகரவில்லை, அதைப் பற்றி யாரும் குறைபட்டுக்கொள்ளவும் இல்லை. உள்ளே இருந்த மேக்ஸீன், ஒரு சொல்லைக்கூடத் தவறவிடக் கூடாதென்று, கறிச்சாறு ஊற்றுகிற கரண்டியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாரம் முழுவதும் ஊருக்குச் செய்தி கொடுக்கிறவள் அவள். மூலச் செய்தியை அவளே கேட்காவிட்டால் எப்படி?

ஜெஃப்ரி சக்டன் கிளப்பின் தலைவர். கடைத்தெருவில் கம்பளக் கடை வைத்திருக்கிறார். அவர் கடைக் கம்பளம் மாதிரியே அவரும்; பார்வைக்குக் கனமாக இருப்பார், நின்று பார்த்தால்தான் மெலிசு தெரியும். க்ளெண்டா ஆக்ராய்ட் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவள். அதனால்தான் ஊரே ‘மிஸ்டர் சக்டன்’ என்று கூப்பிடும்போது அவள் மட்டும் ஜெஃப் என்பாள். வாரநாட்களில் கிளப் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. சனிக்கிழமைகளில் மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு கேட்டில் நிற்பாள். கல்குவாரியில் இடுப்பு போய், நாற்காலியே கதியென்று கிடக்கிற புருஷன் லென்னும் அவளும் இந்த இரண்டு வேலைகளில்தான் சாப்பிட்டார்கள்.

“கடைசியாக் கேக்கறேன். சாவி எங்க?”

க்ளெண்டா மேலங்கியின் ஜிப்பை இறக்கினாள். சாவியை ரவிக்கைக்குள் போட்டாள். ஜிப்பை ஏற்றினாள்.

“வேணும்னா எடுத்துக்க.”

வரிசை மொத்தமும் கைதட்டியது. சக்டன் காதுவரை சிவந்துபோய்த் தன் ஒட்டக நிறக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். “ரெண்டு கறி பஃப், ஒரு தட்டு பட்டாணி” என்றான் வரிசையில் முதல் ஆள். உலகம் மறுபடி நகர்ந்தது.

பெரிய கால்பந்து லீகுகளில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே போலீஸ், வேலி, எல்லாம் உண்டு. கார்ட்விக் மாதிரி அடிமட்டத்து கிளப்புகளில் அதெல்லாம் கிடையாது. தன் அணி எந்த கோலைப் பார்த்து ஆடுகிறதோ, அந்த கோலுக்குப் பின்னால் போய் நிற்பது இவர்கள் வழக்கம். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுமே, கூட்டமும் மாறும். இரண்டு ஊர்க்காரர்களும் கையில் கறி பஃப்பும் பீருமாக, கேலரிக்குப் பின்னாலுள்ள குறுகலான சந்து வழியாக எதிரெதிரே நடந்து போவார்கள். “உங்க கோல்கீப்பருக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கய்யா,” “உங்க ஆளுக்குக் காலே வாங்கணும்” என்று இடித்துக்கொண்டே கடப்பார்கள். மாமன் மச்சான் உறவெல்லாம் அந்தச் சந்தில் முடிவானதுண்டு. அந்தச் சந்தின் நடுவில்தான் இரும்பு கேட். அதைத் தாண்டினால்தான் பார்.

போன அக்டோபரில் ஒரு கோப்பை ஆட்டத்துக்கு ஹோம்பி ஊர்க்காரர்கள் வந்தபோதும் க்ளெண்டா அப்படித்தான் கேட்டைத் திறந்தாள். காலையிலேயே அவள் சக்டனிடம், “ஹோம்பிலேருந்து புதுசா ஒரு கூட்டம் வருது. கறுப்புத் தொப்பிச் சட்டைப் பசங்க. கேட்டுக்கு இன்னும் நாலு ஆள் குடு” என்று கேட்டிருந்தாள். “ரெண்டு பேர் போதும்” என்றார் அவர்.

கூட்டத்துக்கு முன்னால், தள்ளுவண்டியில் மகளை வைத்துக்கொண்டு கிர்ஸ்டி வந்தாள். க்ளெண்டாவின் எதிர்வீட்டுப் பெண். மகள் எல்ஸிக்கு நாலு வயது. நடக்கச் சோம்பல் வந்தால் வண்டியில் ஏறிக்கொள்வாள். சந்தின் அந்தக் கோடியில் ரோஸ் நிறத்தில் ஏதோ பொங்கி எழுந்தது.

“க்ளெண்டா, அது பஞ்சு மிட்டாயா?” என்று கேட்டது குழந்தை.

பார்க்க அப்படித்தான் இருந்தது. க்ளெண்டா சிரித்துவிட்டாள். “ஆமாண்டி கண்ணு” என்றாள்.

அது யாரோ கொளுத்திப்போட்ட புகைக் குப்பி. அதற்குப் பிறகு எதுவும் தெரியவில்லை. புகை, இருமல், கால்கள், யாரோ யாரையோ அடிக்கிற சத்தம். புகை கலைந்தபோது தள்ளுவண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, அதன் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எல்ஸியின் இடது கால் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது.

கால் ஒட்டிவிட்டது. ஆனால் நடை நேராகவில்லை. கிர்ஸ்டி யாரையும் திட்டவில்லை. அதுதான் க்ளெண்டாவுக்குத் தாங்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் சாயங்காலம் திரை இழுக்கிற சத்தம் கேட்டாலே இவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். வெந்நீர்க் கெட்டிலில் ஆவி எழும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “யாருகிட்ட பேசிட்டிருக்க?” என்று லென் முன்னறையிலிருந்து கேட்பார். அவள் யாரிடமும் பேசவில்லை என்பாள். ‘ஆமாண்டி கண்ணு’ என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியும். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டதாக மேக்ஸீன் பாதி ஊருக்குச் சொன்னாள். மீதிப் பாதிக்கு, பாவம் என்று சொன்னாள்.

இப்போது மார்ச். அதே ஹோம்பி.

இடைவேளை விசில் ஊதியதும் க்ளெண்டா கேட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். பக்கத்தில் வாரன். வாரநாளில் லாரிக்கு டயர் மாட்டுகிற ஆள்; சனிக்கிழமை இவளுக்கு உதவியாக மஞ்சள் மேலங்கி போடுவான். கேலரியின் குடும்பப் பகுதியில் பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நின்று உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் இறங்கினால் இந்தச் சந்துக்குத்தான் இறங்க வேண்டும்.

“கேட்டத் திறம்மா, தாகமா இருக்கு.”

“அங்க டீ விக்குது, குடி.”

“டீயா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

முதலில் சிரிப்புதான். பிறகு பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள். கறுப்புத் தொப்பிச் சட்டைகள் முன்னுக்கு வந்தன. “ஏ கிழவி, வழி விடு.” “மஞ்சச் சட்டை போட்டா பெரிய மகாராணியா?” கேட்டின் மறுபக்கத்திலிருந்து சொந்த ஊர்ப் பையன்கள் கம்பிகளை உதைத்தார்கள். உதை ஒவ்வொன்றும் அவள் முதுகெலும்பில் இறங்கியது. யாரோ துப்பினான். அது கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் கேட்டை விட வேண்டும், எடுக்கவில்லை.

மறுபக்கத்திலிருந்து சக்டனின் குரல் கேட்டது. “வாரன்! பூட்டு வெட்டற கத்தரி ஷெட்ல இருக்கு, போய் எடுத்துட்டு வா!”

வாரன் க்ளெண்டாவைப் பார்த்தான். போனான். ஷெட் எட்டிப்பார்க்கிற தூரம். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பினான்.

“காணோம் சார்.”

“சுவத்துல தொங்குமேடா!”

“சுவரத்தான் சார் பாத்தேன்.”

அந்த நேரம் சந்தின் கோடியில் புகைக் குப்பி வெடித்தது. ரோஸ் நிறம். கேட் பூட்டியிருந்ததால் எதிர்க் கூட்டம் கைக்கு எட்டவில்லை. யாரை அடிப்பது என்று தெரியாமல் பையன்கள் கொஞ்சநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருமினார்கள். புகை க்ளெண்டாவைத் தாண்டிப் போயிற்று. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். ஆட்டம் மறுபடி தொடங்குகிற விசில் கேட்டதும் கூட்டம் முனகிக்கொண்டே பழைய இடத்துக்குப் போயிற்று. பெஞ்சுமேல் நின்ற பிள்ளைகள் வறுவல் தின்று முடித்தார்கள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவள் பாரின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சக்டன் வந்தார். ஈரத் தரையில் செருப்புத் தடம் பதிய நடந்து வந்து நின்றார்.

“பாதி பீர் விக்கல க்ளெண்டா. ஆட்டக்காரங்களுக்கு அதுலதான் சம்பளம் போடறோம்னு உனக்குத் தெரியும். பழைய ரசிகருங்க நாலு பேரு, இனிமே வரமாட்டோம்னுட்டாங்க. எதுக்காக இவ்ளோ கலாட்டா? சொல்லு, என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல.”

“அதத்தான் நானும் சொல்றேன். ஒண்ணும் நடக்கல! யாருக்காவது ஒரு கீறல் விழுந்துச்சா? அப்ப எதுக்குப் பூட்டின?”

அவள் எதைக் காட்டுவாள்? உடையாத காலையா? கவிழாத வண்டியையா? துடைப்பத்தை வாளியில் வைத்தாள்.

“மேலங்கிய ஆணியில மாட்டிட்டுப் போ. துடைக்கறதுக்கும் வேற ஆள் பாத்துக்கறேன்” என்றார் அவர்.

அவர் செருப்புத் தடங்களை மறுபடி துடைத்துவிட்டுத்தான் அவள் போனாள். பழக்கதோஷம்.

மே மாதம் லீக் விருந்து நடந்தது. ஹோம்பி மேட்சைச் சிறு சம்பவம்கூட இல்லாமல் நடத்தியதற்காக, குடும்பங்களுக்குப் பாதுகாப்பான மைதானம் என்று கார்ட்விக்குக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் சக்டன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பல் எல்லாம் தெரிந்தது.

கேட்டு வேலை வாரனுக்குப் போயிற்று. கோடையில் அவன் மேக்ஸீனைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு அது மூன்றாவது கல்யாணம். இந்த முறை முதல் கல்யாணப் பெண் மாதிரி வெள்ளை கவுன் மாட்டினாள், அதைப் பற்றிப் பேச ஊரில் அவளைத் தவிர வேறு ஆளில்லாததால் பேச்சு சீக்கிரம் அடங்கிவிட்டது. கிர்ஸ்டி எல்ஸியோடு கிழக்குக் கடற்கரையில் அக்கா இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டாள். எதிர்வீட்டில் இப்போது நாய் வளர்க்கிற ஒரு தம்பதி இருக்கிறார்கள். லென்னுக்காக க்ளெண்டா பக்கத்து ஊரில், கோழி வெட்டிப் பொட்டலம் போடுகிற ஆலையில் வேலைக்குப் போகிறாள். கை எப்போதும் சில்லென்று இருக்கும்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. ஆனாலும் மேட்ச் உள்ள நாட்களில் மைதானத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பாள். இடைவேளை விசில் கேட்கும். அப்புறம் சுவருக்குப் பின்னால் அந்த இரும்பு கேட் கல்லில் உராய்ந்து திறக்கிற சத்தம், இரண்டு பக்கத்திலிருந்தும் காலடிகள், சிரிப்பு, நடுவில் ஏதோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம். இரண்டாவது விசில் வரும்வரை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதலில் பஸ்காரர்கள் அவளுக்காக நிறுத்தி, கதவைத் திறந்து, “ஏறலியாம்மா?” என்று கேட்டுப் பார்த்தார்கள். இப்போதெல்லாம் அவள் மட்டும் நின்றால் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை.