எக்ஸ்ரேயின் மகள்

அப்பாவின் செருப்பைப் பையில் வைப்பதா, குப்பையில் போடுவதா என்று தெரியாமல் மகள் அதைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஒன்றரை மணிக்குள் கட்டிலைக் காலி செய்து தரும்படி நர்ஸ் சொல்லியிருந்தாள். உடலைக் கீழே கொண்டுபோய் அரைமணி நேரம் ஆகிவிட்டது. தம்பி வண்டி பிடிக்கப் போயிருந்தான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய போர்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் சரியாகத் தூங்கிப் பத்து நாளாகிறது. அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது.

அப்பா சோப்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கேட் வாட்ச்மேன். ஷிப்ட் முடிந்து போகிற எவர் பையையும் கைவிட்டுத் துழாவாமல் வெளியே விடமாட்டார். மேனேஜர் பையும் தப்பாது. அதனால் அவருக்கு எக்ஸ்ரே என்று பேர். மகளும் அங்கேயே பேக்கிங்கில் ஆறு வருடம் இருந்தாள். வீட்டில் கழுதை, குரங்கு என்று கொஞ்சுகிறவர், கேட்டில் அவளை யாரோ மாதிரி பார்த்து, "பையத் திறங்க" என்பார். சாப்பாட்டு டப்பாவின் மூடியையும் எடுத்துக் காட்ட வேண்டும். பின்னால் நிற்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

மானம் போகிறது என்று ஒருநாள் வீட்டில் சண்டை போட்டாள். "உன்ன விட்டேன்னு வை, நாளைக்கு எல்லாரும் யாராவது ஒருத்தருக்கு மக, மருமகன்னு வந்து நிப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அவருக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள். உடம்புக்குள் காவல் அணுக்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கண்டதையும் அடித்து விரட்டுவதுதான் அவற்றின் வேலை. ஈரலில் மட்டும் அவை கொஞ்சம் சாது. குடலிலிருந்து வருவதெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. வருகிற ஒவ்வொன்றோடும் மல்லுக்கு நின்றால் ஈரலே மிஞ்சாது. அதனால் கண்டும் காணாமல் இருந்து பழகியிருக்கின்றன. கட்டி அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. நம்ம ஆள்தான் என்று காவலின் தோளைத் தட்டுகிறது. புது ஊசி அந்தக் கையைத் தட்டிவிடும்.

"தெரிஞ்ச மூஞ்சின்னு விட்டுட்டானுங்க" என்றார் அப்பா. ஈரலின் மேல் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, இதில் ஒரு ஆபத்தும் உண்டு என்றாள். கட்டவிழ்த்துவிட்ட காவல் சிலசமயம் சொந்த உடம்பையே அடிக்க ஆரம்பித்துவிடும். வயிற்றுப்போக்கு, இருமல், தோலில் தடிப்பு, எது வந்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

மூன்று ஊசிகளில் கட்டி பாதியாகச் சுருங்கியது. அப்பா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நாலாவது ஊசிக்கு நான்கு நாள் முன்பு வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டா இல்லேன்னு சொல்லிடு. தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. இந்த ஒரு தடவ விட்டுடும்மா."

அவர் எவரிடமும் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. நர்ஸ் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். வயிற்றுப்போக்கு என்ற இடம் வந்ததும் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல" என்றாள் மகள். நர்ஸ் ஒரு டிக் போட்டாள்.

நாலாவது ஊசி போட்ட ஒன்பதாம் நாள் ரத்தமாகப் போனது. குடல் முழுக்கப் புண். காவலை அடக்க ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அந்த ஊசி இனி எப்போதும் கூடாது என்றார்கள். குடல் ஆறி முடிப்பதற்குள் கட்டி விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது. கண் மஞ்சளானது, வயிற்றில் நீர் கோத்தது. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்டபோது, ரெண்டு நாளாகத்தான் என்று மகள் இன்னொரு பொய் சொன்னாள். முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சநாள் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா பொதுவாகத்தான் சொன்னாள். அந்த வார்த்தை மூன்று மாதமாக அவள் சோற்றிலும் தூக்கத்திலும் கிடந்தது.

கடைசி வாரம் அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. கட்டிலருகே வருகிறவர்களிடமெல்லாம் பையைத் திறக்கச் சொன்னார். நர்ஸ் மருந்துத் தட்டைக் காட்டினாள். தம்பி சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். மகள் பக்கத்தில் போனபோது மட்டும், "நீங்க போங்க" என்று கையசைத்தார். தெளிந்து சொன்னாரா, தெளியாமல் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

செருப்பைப் பையில் வைத்தாள். தம்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அம்மா, நாலாவது ஊசிக்கு முன்னாடியே அவருக்கு வயித்தால போயிட்டிருந்தது. நர்ஸ்கிட்ட நான்தான் இல்லேன்னு சொன்னேன்."

அம்மா போர்வையை மடிப்பதை நிறுத்தவில்லை.

"துணியெல்லாம் யாரு துவைச்சா?" என்றாள்.

மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்" என்றாள் அம்மா. "நீ கெட்டிக்காரி, எப்படியும் கண்டுபிடிச்சு டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்னு நெனச்சுக்கிட்டேன்."

போர்வையை அம்மா நீட்டினாள், மகள் வாங்கிச் செருப்புக்குப் பக்கத்தில் திணித்தாள். தண்ணீர் பாட்டில், கண்ணாடி, காலையில் கொண்டுவந்து திறக்காமலே போன கஞ்சி டப்பா. பை மூட மாட்டேன் என்றது. ஜிப்பைப் பாதிவரை இழுத்துவிட்டாள்.

வெளி வாசலில் மருத்துவமனையின் வாட்ச்மேன் மேஜை போட்டு, போகிறவர்களின் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதானவர். அம்மாவின் முகத்தையும், பையிலிருந்து எட்டிப் பார்த்த செருப்பின் முனையையும் பார்த்தவர், எழுந்து குறுக்குக் கம்பியைத் தூக்கினார்.

"போங்கம்மா. நீங்க போங்க."

அம்மா கடந்து போனாள். தம்பி ரோட்டில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினான். மகள் நகரவில்லை. பையை மேஜைமேல் வைத்து ஜிப்பை முழுக்கத் திறந்தாள். போர்வையை ஒதுக்கினாள். கஞ்சி டப்பாவின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, வாட்ச்மேன் உள்ளே கையை விடும்வரை காத்து நின்றாள்.